எப்பக்கம் பார்த்தாலும் வட்டம்

ஜப்பானின் கோடைக்கால வாணவேடிக்கையில் விரியும் பூ, ஆற்றின் இக்கரையில் நிற்பவருக்கும் அக்கரையில் நிற்பவருக்கும் வட்டமாகவே தெரியும். குண்டு முழு உருண்டையாக வெடிப்பதே காரணம். அந்த உருண்டை முழுக்கக் கைவேலையில் பிறக்கிறது.

பூவின் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஒரு மருந்து மணி. சிறு விதை போன்ற கருவைச் சுழலும் பாத்திரத்தில் போட்டு, ஈரமாக்கி, மருந்துத் தூளைத் தூவி உருட்டுவார்கள்; வெயிலில் காயவைத்து மறுபடி உருட்டுவார்கள். சீரக மிட்டாய் பருப்பதுபோல மணி மெல்ல மெல்லப் பருக்கும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. அடுக்கடுக்காக வேறு வேறு மருந்து ஏற்றினால், வெளியடுக்கு எரிந்து தீர்ந்ததும் நிறம் மாறும். வானில் அத்தனை மணியும் ஒரே நொடியில் நிறம் மாற வேண்டுமானால், எல்லாம் ஒரே பருமனில் இருந்தாக வேண்டும்.

காகித அரைக்கோளத்தின் உட்சுவரையொட்டி மணிகளை நெருக்கமாக அடுக்கி, நடுவில் வெடிமருந்தை நிரப்புவார்கள். அதை உமியின் மேலோ பருத்திக்கொட்டையின் மேலோ பூசியிருப்பார்கள். இடைவெளிகள் வழியே தீ சட்டென்று எங்கும் பரவும். இரண்டு பாதிகளையும் சேர்த்தபின், பசை தடவிய காகிதத்தை ஒட்டுவதும் காயவைப்பதும் மீண்டும் மீண்டும் நடக்கும். பார்க்க எளிய இந்த வேலையே மிக நுட்பமானது என்பேன். ஓரிடத்தில் ஓடு மெலிந்திருந்தால் வெடி அந்தப் பக்கமே பிய்த்துக்கொண்டு போகும், பூ கோணலாகிவிடும். திரியும் கணக்காக எரிய வேண்டும்: குண்டு உச்சியை எட்டி, ஏற்றம் ஓய்ந்த கணத்தில் வெடித்தால்தான் வட்டம் பிசகாது.

இந்தக் கலையைப் பெரிய அளவில் காண நீகாட்டா மாகாணத்தின் நாகாவோகாவுக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 2, 3 இரவுகளில் ஷினானோ ஆற்றங்கரையில் சுமார் 90 செ.மீ. குறுக்களவும் 300 கிலோ எடையும் கொண்ட குண்டை ஏற்றுகிறார்கள். அது 600 மீட்டர் உயரத்தில் 650 மீட்டர் அகலத்துக்கு விரியும். அவ்வளவு உயரத்திலிருந்து சத்தம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். அதற்குள் பூ விரிந்துவிட்டிருக்கும்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. 1945 ஆகஸ்ட் 1 இரவு 10.30 மணிக்கு அமெரிக்க விமானங்கள் இந்நகரின் மேல் தீக்குண்டுகளைப் பொழியத் தொடங்கின. 1,480-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டே நகரம் மீட்சி விழா எடுத்தது. 1947-இல் வாணங்களும் திரும்பின. இன்றும் ஆகஸ்ட் 1 அன்று அதே நேரத்தில் வெள்ளைப் பூக்களை மட்டும் ஏற்றுகிறார்கள். சைபீரிய முகாமில் போர்க்கைதியாக இருந்து ஊர் திரும்பிய வாணக் கலைஞர் காசே செய்ஜி, அங்கேயே இறந்துபோன தோழர்களுக்காக உருவாக்கிய வெள்ளைச் செவ்வந்தி அது. 1990-இல் அவர் ரஷ்யாவின் கபரோவ்ஸ்க் நகருக்கே அதைக் கொண்டுபோய், ஆமூர் ஆற்றங்கரையில் ஏற்றினார்.