பழகிய அடியும் புதிய செவியும்

ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியருக்கு வரும் சலிப்பு, ஒரே அடியை இரவுதோறும் கொட்டும் கலைஞனுக்கும் வருவது இயல்பே. தனித்து வாசிப்பவன் இராகத்தை விரித்துத் தன் சலிப்பை ஆற்றிக்கொள்வான். குழுவில் நின்று கொட்டுபவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அடி பிசகினால் ஆடுபவன் கால் பிசகும்.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகள் உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் நிகழும் காமன் கூத்தை நினைமின். அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமியளவில் காமன் எரிவான். இடைப்பட்ட இரவுகளில் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிச் செல்ல, தப்புக் குழு உடன் செல்லும். (இந்த 'லயம்' ஆங்கிலச் சொல்லின் திரிபு, தாள லயத்தோடு அதற்கு உறவில்லை. ஆயினும் இரண்டும் கூடும் இரவு அஃது.) கதை பழையது, பாட்டும் பழையது. பாட்டனார் கொட்டியதையே பேரன் கொட்டுகிறான்.

"இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று அப்பேரன் கேட்பானாயின், அவனைக் கடிதல் தகாது. அக்கேள்வியில் சலிப்பு மட்டுமன்றி ஒரு புண்ணும் உண்டு. தப்பைச் சாதியின் அடையாளமாக்கிக் கொட்டுபவனைத் தாழ்த்தியது நம் சமூகம். விடியலில் பிரட்டுக்கு ஆளெழுப்பும் கருவியாக்கியது தோட்ட நிருவாகம். தெய்வம், உணா, மா, மரம், புள் என்பவற்றோடு பறையையும் கருப்பொருளாக எண்ணினார் தொல்காப்பியர். வகுப்பில் அதனை விளக்கிவிட்டுத் தப்புக்காரனை வாயிலில் நிறுத்தும் நம் புலமை எத்தகையது?

சலிப்பைப் பொறுத்தவரை, சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வழி காட்டுகின்றது. அங்கே தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் கூறுமிடத்து, பிற கருவிகளின் குறையை நிரப்பலும் மிகையை அடக்கலும் அவன் கடனாகச் சொல்லப்படுகின்றன. தன் கையைக் காட்டிலும் பிறர் ஒலியில் அவன் கருத்து ஊன்றியிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

தப்புக் குழுவிலும் இதுவே நிகழ்கின்றது. மாசிப் பனியில் தோல் தளரும். தீயிற் காய்ச்சினால் ஈரம் நீங்கி இறுகி ஒலி உயரும். எல்லாத் தப்பும் ஒரே வேளையில் தளர்வதில்லை. பக்கத்துத் தப்பு தளர்ந்தபோது ஒருவன் தன் அடியை மென்மைப்படுத்த வேண்டும். ரதியாக ஆடுபவர் களைத்தபோது காலத்தைச் சற்றே தாழ்த்த வேண்டும். அடி நேற்றையதே, செவிக்குரிய வேலை இன்றையது. இறப்பர் வெட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். நேற்று வெட்டிய கோட்டிலேயே இன்றும் பட்டையை மெல்லச் சீவவேண்டும். கத்தி சிறிது ஆழ்ந்தாலும் மரம் புண்படும். பழகிய மரமென்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார் எவருமில்லை.

ஆகவே பயிற்சியின்போது இளைஞரை இடம் மாற்றி நிறுத்துக. ஒருநாள் கொட்டாமல், பாடுவார் அருகே நின்று கேட்கச் செய்க. முதியவர் அடிகளை வாயாற் சொல்ல, மாணவர் எழுதிவைக்கட்டும். பள்ளி விழாவிலோ, விருந்தினரை அழைத்துவந்ததும் தப்புக் குழுவை வெளியே அனுப்பிவிடுகின்றோம். அவர்களை மேடையில் ஏற்றி, அதிபரும் ஆசிரியரும் முன்வரிசையில் அமர்ந்து அரைமணி நேரம் கேட்கலாம்.