கீரையை மடிக்கும் சிறு அந்துப்பூச்சி



ரப்பர்த் தோட்டத்து லயங்களை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் வீடமைப்புகளுக்கு வந்த பின்னும் நம்மவர் கீரைப் பாத்தியை விட்டுவிடவில்லை. அந்தப் பாத்தியில் சில இலைகள் மடிந்து, நூலால் ஒட்டிச் சல்லடையாய்க் கிடக்கக் காண்கிறோம். கண்ணேறு அன்று, ஓர் அந்துப்பூச்சியின் வேலை.

அதன் பெயர் ஸ்போலாடியா ரிகர்வாலிஸ். 1775இல் பப்ரீசியஸ் என்னும் டென்மார்க்கு அறிஞர் இதை விவரித்தார். விரித்த இறக்கை ஓர் அங்குலம்கூட இராது. பழுப்பு நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை. இலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். வெளிவரும் பச்சைப் புழு இலையை நூலால் மடித்து, உள்ளிருந்தே பசுமையைச் சுரண்டித் தின்னும். தொட்டால் நூலில் தொங்கி இறங்கிவிடும், கெட்டிக்காரப் புழு! பிறகு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். வேலியோர முள்ளுக்கீரையிலும் இது வளரும். அதையும் பிடுங்க வேண்டும்.

மருந்து அடிக்கலாமா? வேண்டாம். கீரை மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். நஞ்சு தணிய நாள் ஏது? தோட்டங்களில் நம் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட்டையும் 'மருந்து' என்றே சொன்னோம். அது களையைக் கருக்குவது; தெளித்தால் கீரைதான் கருகும். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. பழைய புட்டி வீட்டிலிருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து, விவசாய இலாகாவிடம் கேளுங்கள்.

காலையில் மடிந்த இலைகளைப் பார்த்து விரலால் நசுக்குங்கள். கீரை பிடுங்கியதும் மண்ணைக் கொத்திவிடுங்கள். மேலே வரும் கூட்டுப்புழுவைக் கோழி பார்த்துக்கொள்ளும்.