பாரிபதா அம்மையார்

பகைவரையும் நேசிக்கவேண்டும் என்று இயேசுநாதர் மலைப் பிரசங்கத்தில் உபதேசித்தார். காந்தி மகான் லண்டனில் மாணவராயிருந்த காலத்தில் அதைப் படித்து மனத்தைப் பறிகொடுத்தார். நமது வள்ளுவரும் 'இன்னா செய்யாமை' என்னும் அதிகாரத்தில் இதற்கு மிக நெருங்கிய கருத்தையே சொல்லியிருக்கிறார். ஆகவே இந்த உபதேசம் நமக்குப் புதிதன்று. ஆயினும், "கேட்க நன்றாயிருக்கிறது; குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது சாத்தியமா?" என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உண்டு. அதற்கு விடை தேடிக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. ஒடிசாவுக்குப் போனால் போதும்.

மயூர்பஞ்ச் ஜில்லாவின் தலைநகரான பாரிபதாவில், உற்றாரால் கைவிடப்பட்ட குஷ்டரோகிகளுக்கு ஓர் இல்லம் உண்டு. 1965-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்ற பாதிரியார், அங்கே அவர்களுக்குத் தொண்டு செய்து வந்தார். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார், தாதித் தொழில் பயின்றவர். அவர்களுக்கு ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். குழந்தைகள் படித்தது நமது உதகமண்டலத்தில்.

1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, கிறிஸ்தவர்களின் கூட்டம் ஒன்றிற்காக ஸ்டெயின்ஸ் மனோகர்பூர் என்னும் கிராமத்துக்குச் சென்றிருந்தார். 10 வயதுப் பிலிப்பும், 6 வயதுத் திமோத்தியும் தந்தையுடன் மோட்டார் வண்டியிலேயே படுத்து உறங்கினார்கள். ஆதிவாசிகளை அவர் மதம் மாற்றுகிறார் என்று ஆத்திரங் கொண்ட ஒரு கும்பல், நள்ளிரவுக்குப்பின் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. காப்பாற்ற ஓடி வந்த கிராமவாசிகளை அடித்து விரட்டியது. தந்தையும் மக்களும் வெந்து மாண்டனர்.

கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அம்மையார் அறிவித்தார். அடக்கத்தின்போது அவரும், 13 வயது மகள் எஸ்தரும் சேர்ந்து கீதம் பாடினார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். மன்னிப்பு வேறு, சட்டம் வேறு. 2003-இல் விசாரணைக் கோர்ட்டு முதல் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. 2005-இல் ஹைக்கோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு அதையே உறுதி செய்தது. நீதி தன் வழியே நடந்தது. அதற்கு அம்மையார் குறுக்கே நிற்கவில்லை. தண்டிக்கும் எண்ணம் தமக்கில்லை, அவர்கள் மனந்திரும்பித் திருந்தவேண்டும் என்பதே தம் ஆசை என்று மட்டும் விசாரணைக் கமிஷனுக்குத் தெரிவித்தார்.

மகளை அழைத்துக்கொண்டு அவர் உடனே தாய்நாடு திரும்பியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ பாரிபதாவிலேயே தங்கி, கணவர் விட்ட இடத்திலிருந்து ரோகிகளின் சேவையைத் தொடர்ந்தார். 2004-இல் கணவரின் பெயரால் அங்கே ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. அதன் பிறகே ஆஸ்திரேலியா சென்றார். 2005-இல் நமது அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இந்தப் பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது? கோபம் தணிந்த பிறகு மன்னிக்கலாம் என்று கிறிஸ்தவ மார்க்கம் காத்திருக்கச் சொல்வதில்லை. சிலுவையில் தொங்கியபோதே தம்மை அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டவர் அதன் தலைவர். அம்மையாரும் துக்கம் ஆறுமுன்பே மன்னித்தார். பிறகு ரோகிகளின் புண்ணைக் கழுவிக் கட்டும் வேலையில் அந்த மன்னிப்பைத் தினந்தோறும் புதுப்பித்துக்கொண்டார்.

இதனால் ஒடிசாவில் துவேஷம் ஒழிந்ததா என்றால், இல்லை. 2008-இல் கந்தமால் ஜில்லாவில் மீண்டும் தீ மூண்டது. ஒருவருடைய அன்பு தேசத்தை ஒரே நாளில் மாற்றிவிடாது. ஆனால் எஸ்தர் என்ற சிறுமிக்குத் தாய் வழிச் சொத்தாகப் பகை வந்து சேரவில்லை. பாட்டன் காலத்து வரப்புச் சண்டையைப் பேரன்வரை பத்திரமாகக் காப்பாற்றி வரும் நமது குடும்பங்கள், பாரிபதா அம்மையாரைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். நம் குழந்தைகளுக்கு நாம் எதை வைத்துவிட்டுப் போகப்போகிறோம்?