நீதிபதி லேர்னட் ஹாண்ட்



சிறந்த நீதிபதி என்றவுடன் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவரையே மாணவர் நினைப்பர். அங்கு ஒருநாளும் அமராத ஓர் அமெரிக்கரைப் பற்றி இன்று கூறப்போகிறேன். 'கற்றறிந்த கை' என்று பொருள்படும் அவர் பெயர் சிரிப்பை வரவழைக்கலாம். லேர்னட் என்பது அவருடைய தாயாரின் குடும்பப் பெயர்.

1872-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்து, ஹார்வர்டில் சட்டம் பயின்றார். வழக்கறிஞர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினாரல்லர். 1909-இல் ஜனாதிபதி டாஃப்ட் அவரை நியூயார்க்கிலிருந்த மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

1917-இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. போர் முயற்சிக்கு ஊறு செய்வோரைத் தண்டிக்க ஜூன் மாதத்தில் புதிய சட்டம் பிறந்தது. 'தி மாஸஸ்' என்னும் பத்திரிகை போரையும் கட்டாய ராணுவச் சேவையையும் கேலிச்சித்திரங்களால் சாடியது. அதனை அஞ்சலில் ஏற்க அஞ்சல் அதிகாரி மறுத்தார். வழக்கு ஹாண்டிடம் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றப் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டுவந்த நேரம் அது.

சட்டத்தை மீறுமாறு மக்களை நேரே தூண்டுவது குற்றம். அரசின் செயலைக் கடுமையாகக் கண்டிப்பது குற்றமன்று என்று ஹாண்ட் ஜூலையில் தீர்ப்பளித்தார். "வினாத்தாள் கொடுமையானது" என்று எழுதும் மாணவன் வேறு. "நாளை தேர்வெழுதாதீர்" என்று ஏவுகிறவன் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல், என்னைக் கேலி செய்த கையெழுத்துப் பத்திரிகை ஒன்றை நானே முன்பு நிறுத்திவைத்ததுண்டு. இத்தீர்ப்பைப் படித்ததோ ஓய்வுபெற்ற பின்னர்தான்!

நவம்பரில் மேல்நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. பத்திரிகை அவ்வாண்டோடு நின்றது. பதவியும் கைநழுவி, 1918-இல் மார்ட்டின் மான்டன் என்பவருக்குச் சென்றது. ஹாண்ட் 1924 வரை காத்திருந்தே மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அடைந்தார். 1939-இல், வழக்காடியோரிடம் பணம் பெற்ற குற்றத்துக்காக மான்டன் சிறைத்தண்டனை பெற்றார். அவர் வகித்த மூத்த நீதிபதி பொறுப்பு ஹாண்டிடமே வந்தது.

வானொலியில் பேசுகையில் ஒரு வழக்கை விடலாகாது. 1928-இல் புயலில் சிக்கி நிலக்கரிப் படகுகள் மூழ்கின. அவற்றை இழுத்துச் சென்ற கப்பல்களில் இயங்கும் வானொலிப் பெட்டி இல்லாமையால் புயலெச்சரிக்கை எட்டவில்லை. "அதனை வைப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை" என்றனர் உரிமையாளர். ஒரு தொழில் முழுவதுமே பின்தங்கியிருக்கலாம் என்று 1932-இல் ஹாண்ட் அவ்வாதத்தைத் தள்ளினார்.

அவரும் எக்காலமும் ஒரே கோட்டில் நின்றாரென்று நான் சொல்லேன். 1950-இல், உச்ச நீதிமன்றத்தின் முன்தீர்ப்புகளைத் தழுவி, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களின் தண்டனையை உறுதிசெய்தார். அத்தீர்ப்பை 1917-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு அருகில் வைத்துப் படிக்கும்போது என் மனம் ஒப்புவதில்லை.

1961-இல் ஹாண்ட் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, பிராண்டன்பர்க் வழக்கில், உடனடியாகச் சட்டமீறலை விளைவிக்கத்தக்க தூண்டுதலையே தண்டிக்கலாமென்று உச்ச நீதிமன்றம் விதித்தது. இளம் மாவட்ட நீதிபதியாக அவர் வரைந்த கோட்டுக்கு மிக அண்மையில் அந்நாடு வந்துசேர 52 ஆண்டுகள் பிடித்தன.