நிறுவன ஒப்பந்தத்திலிருந்து ரிமாண்ட் நீதிமன்றத்திற்கு: வழக்கறிஞர்கள் துறை மாறுவது எப்படி?

கோலாலம்பூர் - சட்டம் படித்துவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்காக ஒப்பந்தம் தயாரிக்கும் வேலையில் சேரும் இளையோர் நம் சமூகத்திலும் உண்டு. அவர்களில் சிலர், சில ஆண்டுகள் கழித்து, கைதாகி நிற்கும் ஏழைகளுக்காக வாதாடும் பக்கம் திரும்ப விரும்புகிறார்கள். தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இத்தகைய வழக்கறிஞர்கள் மிகவும் தேவை.

சட்டத்தில் தடை உண்டா?

தடை இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ், 9 மாத சேம்பரிங் பயிற்சியை முடித்து உயர்நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட ஒருவர் எந்தத் துறை வழக்கையும் நடத்தலாம். குற்றவியலுக்கென்று தனிப் பட்டமோ தேர்வோ கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியது. ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் சட்ட அதிகாரியாக இருப்பவர் வழக்காடும் சான்றிதழ் வைத்திருக்க முடியாது. அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, சான்றிதழ் பெற்ற பிறகே நீதிமன்றத்தில் நிற்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்திலேயே நிறுவனச் சட்டம் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எங்கே தொடங்குவது?

2012 ஏப்ரலில் செயல்படத் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம் முக்கிய வாசல். இதற்கு அரசாங்கம் நிதி தருகிறது. நீதிமன்றத்தில் நிற்பவர்கள் தனியார் வழக்கறிஞர்கள். பயிற்சி பெற்று அறவாரியத்தின் பட்டியலில் சேர்ந்தால், கைது, ரிமாண்ட், ஜாமீன், விசாரணை என்று பல கட்டங்களில் வழக்குகள் கிடைக்கும். மரண தண்டனைக்குரிய வழக்குகள் இதில் சேராது. அவற்றுக்கு உயர்நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும்.

வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இன்னொரு வழி. பலருக்கு சேம்பரிங் காலத்திலேயே இந்த மையங்களோடு பழக்கம் இருக்கும்.

வருமானம்தான் பெரிய தடை. அறவாரியம் தரும் கட்டணத்தை நிறுவனச் சட்டத்தில் கிடைக்கும் ஊதியத்தோடு ஒப்பிட முடியாது. வீட்டுக்கடனும் படிப்புக்கடனும் உள்ளவர்கள் ஒரேயடியாக மாறாமல், முதலில் வாரத்தில் ஓரிரு நாள் ரிமாண்ட் வழக்குகளை எடுத்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. சிங்கப்பூரில் 2022 டிசம்பரில் அமைந்த பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம், இதே பணியை மாதச் சம்பளம் தரும் முழுநேர வேலையாக ஆக்கியிருக்கிறது.

எது கைகொடுக்கும், எது புதிது?

ஆவணங்களை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் கைகொடுக்கும். தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் யாரிடமோ கொடுத்து, மோசடி வழக்கில் மாட்டிக்கொண்ட இளைஞருக்கு, கணக்கறிக்கையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் பெரிய பலம்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும், உடனுக்குடன் எழுந்து வாதாடுவதும் புதிது. மூத்த குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரோடு சில காலம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது பிடிபடும். கட்சிக்காரரும் வேறு மாதிரி. நிறுவன அதிகாரி தேதிவாரியாகக் குறிப்பு அனுப்புவார். லோக்காப்பில் இருப்பவருக்குத் தன்மீது என்ன பிரிவில் விசாரணை நடக்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். நீதிமன்ற மலாய் புரியாத தாய் வாசலில் காத்திருப்பார். அங்கே தமிழில் நிதானமாக விளக்கத் தெரிந்திருப்பதும் தொழில் திறமைதான்.

முதல் 24 மணி நேரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி, கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

அதற்கு மேல் வைத்திருக்கப் போலீஸ் ரிமாண்ட் கேட்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை அனுமதிக்கலாம். 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனைக்குரியது என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். இவை உச்ச அளவுகள். கேட்ட நாள் அத்தனையும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை.

கைதானவர் தானாகவோ வழக்கறிஞர் மூலமாகவோ பேச மாஜிஸ்திரேட் இடம் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி, உடம்பில் காயம், நாள் கூலி வேலை பறிபோகும் நிலை என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் 4 நாள் 2 நாளாகக் குறைய வாய்ப்புண்டு. ஆள் இல்லாவிட்டால் பலர் பயத்தில் பேசாமலே நிற்கிறார்கள். பிறகு, 'சீக்கிரம் முடிந்தால் போதும்' என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, வேலைக்கு மனுப்போடும்போதெல்லாம் அந்தப் பதிவைச் சுமக்கிறார்கள்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

பிள்ளை கைதானால், எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரி யார், ரிமாண்ட் எந்த நீதிமன்றத்தில் என்பதை உடனே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரங்களோடு சட்ட உதவி அறவாரியத்தையோ மாநிலத்தின் சட்ட உதவி மையத்தையோ தொடர்புகொள்ளுங்கள். மலேசியர்களுக்குக் கைது, ரிமாண்ட் கட்டத்தில் அறவாரியம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வழக்கு விசாரணைக்கு வரும்போதுதான் வருமான வரம்பு பார்க்கப்படும். 18 வயதுக்குட்பட்டோருக்குக் குடியுரிமை இல்லாவிட்டாலும் இந்த உதவி உண்டு.

'வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை' என்று அந்த முதல் நாளை விட்டுவிட வேண்டாம்.