தன்னோடு தானே மோதும் அணி

ஒரு அணி தன்னோடு தானே மோதுகிற ஆட்டத்தைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இது வழக்கம்தான். நம்ம ஊர் கால்பந்து இல்லைங்க, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது! சீசன் தொடங்குவது ஆகஸ்ட் கடைசியில். ஆனால் வசந்தகாலத்திலேயே பயிற்சி நடக்கும். அது முடியும்போது சொந்த வீரர்களையே இரண்டாகப் பிரித்து ஆட விடுவார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் வேறு நிற ஜெர்சி. அவரை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. சீசனுக்கு முன்பே அடிபட்டால் அணி கதி என்ன ஆவது?

2007-இல் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு நிக் சேபன் புதிய பயிற்சியாளர். அந்த ஏப்ரலில் நடந்த இப்படியொரு ஆட்டத்துக்குத் திரண்டவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல்! அரங்கமே நிரம்பி வழிந்தது. எதிர்பார்ப்பு எகிறியது. ஆனால் நவம்பரில், லூசியானா மன்றோ என்ற சின்ன அணியிடம், அதுவும் சொந்த மைதானத்திலேயே, தோற்றுப்போனது அலபாமா. ஏப்ரல் கைதட்டலை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது போலிருக்கிறது!

சேபனின் அலபாமா தேசிய சாம்பியன் ஆனது 2009 சீசனில்தான்.