உங்களுக்குத் தெரியுமா? மூங்கில் எலியின் ஈரலில் ஒரு பூஞ்சை

1956-ல் வியட்நாமின் தலாத் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில், மூங்கில் எலி ஒன்றின் ஈரலிலிருந்து புதுப் பூஞ்சை ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அது முதலில் தொற்றிய மனிதர் யார் தெரியுமா? அதை ஆராய்ந்து பெயரிட்ட பிரெஞ்சு விஞ்ஞானி செக்ரெத்தேனேதான்! 1959-ல் ஆய்வின்போது ஊசி தவறி அவர் விரலில் குத்த, அந்த இடத்தில் கட்டி கிளம்பிவிட்டது. நல்ல வேளை, மருந்தில் குணமானார்.

இன்று இதன் பெயர் டாலரோமைசஸ் மார்னெஃபி. பலே வேஷக்காரப் பூஞ்சை. 25 டிகிரியில் பூசணமாகப் படர்ந்து, வளர்க்கும் தட்டையே சிவப்பாக்கும். 37 டிகிரி, அதாவது நம் உடல் சூடு கிடைத்தால் ஈஸ்ட்டாக மாறிவிடும்.

எய்ட்ஸ் பரவும்வரை இந்த நோய் அபூர்வம். பிறகு வடக்குத் தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா என்று எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைப் பிடித்தது. இந்தியாவில் மணிப்பூரிலும் உண்டு. விடாத காய்ச்சல், உடல் மெலிவு, முகத்தில் நடுவே குழி விழுந்த சிறு கொப்புளங்கள். காசநோய் என்று எண்ணி ஏமாறுவதும் நடக்கிறது.

காற்றில் மிதக்கும் விதைத்தூளைச் சுவாசிப்பதால் தொற்றுவதாகக் கருதுகிறார்கள். எலியே நேராகத் தந்ததற்கு ஆதாரமில்லை. ஆம்போடெரிசின்-பி, இட்ராகோனசோல் மருந்துகள் கைகொடுக்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்தப் பக்கம் போய்வந்து காய்ச்சல் கண்டால், போன ஊரையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.